கிட்டங்கியில் சுக்குக் காப்பி

போடியில் பலருக்குப் பொன்னுராஜ் அண்ணாச்சியை முதலில் குரலாகத்தான் தெரியும். ஆளைப் பிறகு பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். வேட்டி இடுப்பில் நிற்பதே ஆச்சரியம் என்கிற மாதிரி ஒடிசலான உடம்பு. அதற்குள்ளிருந்து கிணற்றுக்குள் வாளி இறங்குகிற மாதிரி ஆழமான ஒரு குரல் வரும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதபாடம் வாசிப்பது அவர்தான். மாரியம்மன் திருவிழாவில் காணாமல்போன பிள்ளைகளை மைக்கில் அறிவிப்பதும் அவர்தான். "பச்சைக் கவுன் அணிந்த பெண் குழந்தை. ஊர் கேட்டால் பாட்டி வீடு என்கிறது. பெற்றோர் எங்கிருந்தாலும் அழாமல் வரவும்" என்பார். அழுதுகொண்டிருந்த தாய் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வருவாள்.

கடைவீதியில் அவருக்குக் கருப்பட்டிக் கடை. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து ஓலைப்பெட்டிகளில் கருப்பட்டி வரும். சுக்கு, மல்லி, பயறு வகைகளும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். கடையை நடத்துவது அவர் மனைவி சுகிர்தம். விடியற்காலையில் ஏலத் தோட்டத்துக்கு மலையேறுகிற பெண்கள் அவளிடம்தான் கருப்பட்டிச் சில்லு வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு போவார்கள். எடை போடும்போது தராசு முள் நின்ற பிறகு ஒரு சில்லைக் கூடுதலாகப் போடுவாள். ஆனால் பேச்சில் யாருக்கும் ஒரு சில்லுகூட விட்டுக்கொடுக்க மாட்டாள்.

அந்த ஐப்பசியில் எங்கள் ஊரில் தென்னிந்தியக் கபடிப் போட்டி நடந்தது. அப்படி ஒன்று அதற்கு முன் எங்கள் பக்கம் நடந்ததில்லை. மங்களூரிலிருந்தும் கோலாரிலிருந்தும்கூட அணிகள் வந்திருந்தன. கொட்டகுடி ஆற்றங்கரையில், பழைய மில் மதிலுக்குள் இருந்த மைதானத்தில் சவுக்குக் கம்பு நட்டு, பனஞ்சட்டம் அடித்து, இரண்டு பக்கமும் ஆட்கள் உட்காரக் காலரி கட்டியிருந்தார்கள். வாசலை ஒட்டி ஒன்று, ஆற்றை ஒட்டி இன்னொன்று. வெளியே போக ஒரே வாசல். அதைத் தாண்டினால் மாட்டுவண்டி ஒன்று நுழையும் அகலத்துக்கு ஒரு சந்து. அது மேட்டில் ஏறிக் கடைவீதிக்குப் போகும். சுருளிவேலின் மைக்செட்டில், போட்டி தொடங்கிய நாளிலிருந்து பொன்னுராஜின் குரல்தான்.

இறுதிப்போட்டியன்று காலையில், கார்த்திகைக்கான சரக்கு லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. சுகிர்தமும் மகள் ஜெபராணியும் ஓலைப்பெட்டிகளை உள்ளே அடுக்கினார்கள். பொன்னுராஜ் சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வெளியே வந்தார்.

"இன்னைக்காச்சும் கடையில இருப்பீகளா?" என்றாள் சுகிர்தம்.

"இன்னைக்குப் பைனலு, சுகிர்தம்."

"நேத்துக் கேட்டா செமி பைனலுன்னீக. அதுக்கு முந்தி வேற என்னமோ சொன்னீக. தெனமும் ஒரு பேரு. ஊருக்கெல்லாம் சத்தம் குடுக்கிறீக. இங்கன வந்து ஒரு பெட்டியப் பிடிங்கன்னா சத்தத்தக் காணோம்."

"சாயங்காலத்தோட முடிஞ்சுரும். நாளையிலருந்து கடையிலதான் கெடப்பேன்."

"கெடக்க வேணாம். நின்னாப் போதும்."

ஜெபராணி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற பெண். அவளும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து வீட்டுச் சந்தனம்மாளோடும் அவள் கைப்பிள்ளையோடும் மைதானத்துக்குப் போய்விட்டாள். சுகிர்தம் தனியாகக் கடையில் உட்கார்ந்து சுக்கு புடைத்தாள்.

மேற்கே குரங்கணி மலை காலையிலிருந்தே கண்ணுக்குத் தெரியவில்லை. மலை இருந்த இடத்தில் மேகம் அட்டைக்கறுப்பாக நின்றது. ஊருக்குள் தூறல்தான். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிற அளவுக்குத் தூறல். அதற்கெல்லாம் எழுந்து போகிற கூட்டமில்லை அது. தேவாரத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் லாரி பிடித்து வந்திருந்தார்கள். எங்கள் ஊர் அணி பீருமேட்டுத் தேயிலைத் தோட்டத்து அணியோடு மோதியது. எங்கள் தலைவன் கர்ணன் ஏலக்காய் சேர்த்துவைக்கிற கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவன். அந்தப் பக்கத்துத் தலைவன் வர்க்கீஸ், கதவு மாதிரி மார்பு. இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கவில்லை.

"இதோ புறப்பட்டுவிட்டார் கர்ணன்! மூட்டை தூக்குகிற தோள், இன்றைக்கு எத்தனை பேரைத் தூக்கப் போகிறது? வர்க்கீஸ் வருகிறார்... பிடிக்கிறார்... பிடி நழுவுகிறது!" பொன்னுராஜின் குரலுக்குக் காலரி எழும்பி எழும்பி அமர்ந்தது.

இடைவேளை விட்டதும் வாசல் பக்கமிருந்து ஒருவன் கூட்டத்தை இடித்துக்கொண்டு மேடைக்கு வந்தான். வீரபாண்டி. மலைக்கு லாரி ஓட்டுகிறவன். சட்டையெல்லாம் நனைந்து மார்பில் ஒட்டியிருந்தது. மேடையில் பொன்னுராஜும், மைக்செட் சுருளிவேலும், கமிட்டித் தலைவர் சங்கரலிங்கமும் இருந்தார்கள். சங்கரலிங்கம் ஏலக்காய் வியாபாரி. மேட்டுத்தெருவில் இருந்த அந்தக் கிட்டங்கி அவருடையது.

"அண்ணாச்சி, மைக்க அமத்துங்க," என்றான் வீரபாண்டி. சுருளிவேல் அணைத்தான்.

"மலையடியில முந்தலுக்கு மேல மேகம் ஒடஞ்சு கொட்டிருச்சு. ஆறு மரத்த வேரோட பிடுங்கிக்கிட்டு வருது. அங்கன பாலத்துல மரமா வந்து அடஞ்சு, தண்ணி பின்னால மலையா நிக்கிது. அது எப்பப் பிச்சுக்கிரும்னு தெரியல. பிச்சுச்சுன்னா நேரா இங்கனதான்."

சங்கரலிங்கம் எழுந்துவிட்டார். "ஆட்டம் ரத்துன்னு சொல்லு பொன்னுராஜு. எல்லாரும் ஓடட்டும்."

பொன்னுராஜ் மைக்கின் தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு வாசலைப் பார்த்தார். பிறகு காலரிகளைப் பார்த்தார். பனஞ்சட்டங்களில் ஆட்கள் குருவிகள் மாதிரி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆற்றுப்பக்கக் காலரியில் பெண்கள் பகுதி. அங்கே ஜெபராணி சந்தனம்மாளின் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்தது.

"ஓடச் சொன்னா ஒருத்தரும் மிஞ்ச மாட்டாக, தலைவரே. எல்லாரும் ஒரே நேரத்துல குதிச்சா இந்தப் பனஞ்சட்டம் தாங்காது. அந்த வாசல்ல மிதிபட்டே செத்துப்போவாக. ஆத்துத் தண்ணி வாரதுக்கு முந்தி நம்மளே கொன்னுருவோம்."

"பெறகு என்னதான் செய்யச் சொல்ற?"

"நடக்கச் சொல்லணும். வரிசை வரிசையா. ஏன் நடக்கிறோம்னு தெரியாம நடக்கணும்."

அவர் சங்கரலிங்கத்தின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். சங்கரலிங்கம் ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு மடியிலிருந்து கிட்டங்கிச் சாவிக்கொத்தை உருவிக்கொண்டு, காரைக்கூடத் தேடாமல் வாசலை நோக்கி நடந்தார்.

பொன்னுராஜ் மேடையிலிருந்து இறங்கி இரண்டு தலைவர்களையும் ஓரமாக அழைத்தார். விஷயத்தைச் சொன்னார்.

"ஜனங்க உக்காந்திருக்கணும்னா உள்ள ஆட்டம் நடக்கணும். கணக்குல சேராத ஆட்டம். சும்மா. ஆனா சும்மான்னு தெரியக் கூடாது."

கர்ணன் உதட்டைக் கடித்தான். "எம்புட்டு நேரம் கபடி பாடணும் அண்ணாச்சி?"

"கடைசி வரிசை எந்திரிக்கிற வரைக்கும்."

"எங்காத்தா ஆத்தோரத் தெருவுல தனியாக் கெடக்கு."

பின்னால் நின்ற வீரபாண்டி அவன் தோளில் கை வைத்தான். "என் லாரி சந்துக்கு வெளிய நிக்குது. நான் போயி அந்தத் தெருவையே ஏத்திக்கிட்டு மேட்டுக்குப் போறேன். நீ பாடு."

வர்க்கீஸ் தோட்டத்தில் தமிழ் பழகியவன். அவன் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். அவர்கள் மலைக்காரர்கள். வெள்ளம் என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "சாரே, நாங்களும் உண்டு," என்றான். "நீங்க சொல்லுறது வரை களிக்கலாம், ஆடலாம்."

மைக் மறுபடி உயிர்பெற்றது.

"அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே! தூறலில் நனைந்து அமர்ந்திருக்கும் உங்களுக்காக, கருப்பட்டிக் கடை சுகிர்தம் அம்மாள் அவர்கள் அன்போடு வழங்கும் சூடான சுக்குக் காப்பியும் சுண்டலும் மேட்டுத்தெரு ஏலக்காய்க் கிட்டங்கியில் தயாராக உள்ளன. கிட்டங்கியில் இடம் கொஞ்சம். அதனால் நான் அழைக்கிற வரிசை மட்டும் எழுந்து போகவும். அழைக்காத வரிசை எழுந்தால் காப்பி கிடையாது. இரண்டாம் பாதி எல்லோரும் திரும்பிய பிறகுதான் தொடங்கும். அதுவரை காத்திருப்பவர்களுக்காக இரு அணிகளும் ஒரு நட்பாட்டம் ஆடிக் காட்டுவார்கள். முதலில் வாசல் பக்கக் காலரி, கீழ் வரிசை. குழந்தை வைத்திருப்போர் முன்னால்."

ஜனங்கள் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். இடம் போய்விடக் கூடாதென்று துண்டை விரித்துவிட்டுப் போனார்கள். சிலர் குடையை வைத்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு போனார்.

சுருளிவேல் மைக்செட் குழாய்களைக் கடைவீதி வரை கட்டியிருந்தான். சுக்கு புடைத்துக்கொண்டிருந்த சுகிர்தத்தின் காதில் அவள் பேரே வந்து விழுந்தது. முறம் கையிலேயே நின்றது. எதிர்க்கடை இருளம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன சுகிர்தக்கா, ஊருக்கே விருந்தா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"எனக்கே இப்பத்தான் தெரியுது," என்றாள் சுகிர்தம். கோபம் தலைக்கேறியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மைக்கில் அவள் பேரை அவர் சொன்னதேயில்லை. இல்லாத ஒன்றை இருக்கிறதென்று சொன்னதுமில்லை. அந்த இரண்டாவது நினைப்பு வந்ததும் கோபம் நின்றுவிட்டது. முறத்தைக் கீழே வைத்தாள்.

அப்போது தெருமுனையில் சங்கரலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். காரைவிட்டு இறங்காத மனிதர் சேற்றில் ஓடிவந்தார்.

"ஆத்துல வெள்ளம் வருதும்மா. சனம் மிதிபடக் கூடாதுன்னு ஒன் வீட்டுக்காரரு பொய் சொல்லி மேட்டுக்கு அனுப்புறாரு."

"ஜெபராணி அங்கன இருக்கா."

"தெரியும். அவருக்கும் தெரியும்." என்றார் அவர். "ஆத்துப் பக்கத்து ஆளுகளத்தான் கடைசியாக் கூப்பிட முடியும். வாசல்ல இருக்கிறவுக நகந்தாத்தான் அவுகளுக்கு வழி."

சுகிர்தம் எழுந்து தெருவில் இறங்கினாள். இரண்டு எட்டு மைதானத்தின் பக்கமாகவே வைத்தாள். சந்தின் வழியே முதல் வரிசை ஜனங்கள் மேலேறி வந்துகொண்டிருந்தார்கள். குழந்தைகள் நடுங்கின. "காப்பி எங்கனம்மா தாராக?" என்று ஒரு பெண் அவளிடமே கேட்டாள். இவர்களுக்குக் காப்பி கிடைக்காவிட்டால் திரும்பிக் கீழே போவார்கள். அது அவளுக்குப் புரிந்தது.

"இருளு, ஒங்க வீட்டுக் கல்யாண அண்டாவ உருட்டிக்கிட்டு வா," என்றாள். "தலைவரே, கிட்டங்கில ஏலக்காயக் காயப்போட்டு உணத்துற அடுப்பு எரியுதுல்ல? அதத் தெறந்துவிடுங்க. நாலு பேரு வந்து கடையில இருக்கிற கருப்பட்டிப் பெட்டி அம்புட்டையும் தூக்குங்க. சுக்கு, மல்லி மூட்டையும்."

"சுண்டலு?"

"அதையும் பாப்போம்."

உலக்கையால் கருப்பட்டி நொறுங்குகிற சத்தம் கிட்டங்கிக்குள் கேட்கத் தொடங்கியது. சுக்கு இடிக்கிற காரம் கண்ணைக் கரித்தது. தெருப் பெண்கள் விறகோடும் குடத்தோடும் தம்ளரோடும் வந்தார்கள். யார் எது கேட்டாலும் சுகிர்தம் பதில் சொன்னாள். மைதானத்துப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. ஆனால் குழாயில் வருகிற குரல் ஒரு வரிசையைக் கூப்பிடும்போதெல்லாம் அவள் கை கரண்டியில் நின்று, பிறகு அசைந்தது.

கீழே தூறல் மழையானது. களிமண் களம் சொதசொதவென்று ஆனது. பாடிப்போனவர்கள் வழுக்கி விழுந்தார்கள். கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும் என்று இன்னும் இரண்டு தரம் விழுந்தான் கர்ணன். வர்க்கீஸ் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு களத்தைச் சுற்றினான். "கர்ணனே ஒரு மூட்டையாகிவிட்டார்!" என்றார் பொன்னுராஜ். காலரி அதிர்ந்தது. சந்தின் மேல்முனையில் கமிட்டி ஆட்கள் நின்று, வெள்ளச் சேதியைச் சொல்லி, திரும்ப முயன்றவர்களைத் தடுத்து மேலே அனுப்பினார்கள்.

வாசல் பக்கக் காலரி காலியானது. அடுத்து, தரையில் உட்கார்ந்திருந்தவர்கள். ஆற்றுப்பக்கக் காலரியில் முணுமுணுப்பு கிளம்பியது. "எங்களுக்கெல்லாம் வாய் இல்லையாய்யா?" என்று ஒருவர் கத்தினார்.

ஜெபராணி கொஞ்ச நேரமாகவே அப்பாவின் குரலைக் கவனித்துக்கொண்டிருந்தாள். சொற்களில் கேலி இருந்தது. குரலில் இல்லை. துக்க வீட்டில் ஜெபம் வாசிக்கிறபோது வருகிற நிதானம் அது. அவர் எல்லாப் பக்கமும் பார்த்தார். அவள் இருந்த பக்கம் மட்டும் பார்க்கவில்லை. பனஞ்சட்ட இடுக்கின் வழியே கீழே பார்த்தாள். கம்புகளின் அடியில் செம்மண் தண்ணீர் ஓசையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

சந்தனம்மாளும் அதைப் பார்த்துவிட்டாள். அவள் வாய் திறந்தது. ஜெபராணி அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"சத்தம் போடாதீக மதினி."

"தண்ணி, ஜெபராணி! தண்ணி! ஒங்கப்பா நம்மள மறந்துட்டாருடி!"

"மறக்கல. நானும் இங்கன ஒங்க பக்கத்துலதான உக்காந்திருக்கேன்? என்னைய மறப்பாரா?" அவள் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "கூப்பிடுவாரு. கூப்பிட்டதும் எந்திரிப்போம்."

சந்தனம்மாள் அவளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பின்வரிசைப் பெண்களும் இவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

"ஆற்றுப்பக்கக் காலரி, கீழ் வரிசை," என்றது மைக். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. ஆண்கள் பகுதியில் ஒருவன் தாவப் பார்த்தான். "நீலச்சட்டைத் தம்பி, உங்களுக்குக் காப்பி கிடையாது," என்றார் பொன்னுராஜ். அவன் வெட்கப்பட்டு மறுபடி உட்கார்ந்தான். கடைசியில்தான் பெண்கள் பகுதியின் மேல் வரிசை வந்தது. அதைச் சொல்கிறபோது அவர் குரல் முதல்முறையாகத் தடுமாறியது.

ஜெபராணி மற்றவர்களை முன்னால் இறங்கவிட்டுக் கடைசியாக இறங்கினாள். தண்ணீர் முழங்காலில் இழுத்தது. மேடையைக் கடக்கும்போது நின்று அப்பாவைப் பார்த்தாள். அவர் மைக்கை விட்டு வாயை எடுத்து, "போ ஆத்தா, போ" என்றார். அவள் போனாள்.

மேற்கே மலை இடிந்த மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. பாலத்து அடைப்பு உடைந்துவிட்டது. அப்போதும் கர்ணன் பாடிக்கொண்டிருந்தான். பார்க்க ஆளில்லை என்பதை அவன் கவனிக்கவேயில்லை. வர்க்கீஸ்தான் அவன் வாயைப் பொத்தினான். "மதி கர்ணா, போதும்!" இரண்டு அணியும் மேடைக்கு ஓடிவந்தன. கர்ணன் பொன்னுராஜைத் தேங்காய்ச் சாக்கு மாதிரித் தோளில் போட்டான். வர்க்கீஸ், மைக்செட் பெட்டியைத் தலையில் சுமந்திருந்த சுருளிவேலின் கையைப் பிடித்துக்கொண்டான். அவர்கள் சந்தில் பாதி ஏறியபோது ஆறு மதிலைத் தாண்டியது.

மேட்டிலிருந்து பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள். ஆற்றுப்பக்கக் காலரி உடையவில்லையாம். அப்படியே முழுசாக எழும்பி, விரித்த துண்டுகளோடும் குடைகளோடும் தேர் மாதிரி மிதந்து போனதாம். அதன்மேல் அப்போது ஓர் ஈ காக்கை இல்லை.

ஆற்றோரத் தெருவில் நாலைந்து வீட்டுச் சுவர்தான் மிஞ்சியது. ஆடுமாடு நிறையப் போயிற்று. மனித உயிர் ஒன்றும் போகவில்லை. வீரபாண்டியின் லாரி இரண்டு தரம் போய்வந்திருந்தது. மூன்றாம் தரம் போனபோது தெருவே இல்லை என்று திரும்பிவிட்டான்.

கிட்டங்கிக்குள் விளக்கேற்றியபோது நிற்க இடமில்லை. ஏலக்காய் வாசத்துக்குள் ஈரத் துணி வாசமும் சுக்கு வாசமும் கலந்திருந்தன. சேறு அப்பிக்கொண்டு எது எங்கள் அணி, எது பீருமேட்டு அணி என்று தெரியாமல் உள்ளே வந்தவர்களை ஜனங்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். யாரும் கைதட்டவில்லை. சேறு படுமே என்று பாராமல் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கர்ணன் கூட்டத்துக்குள் கண்ணை ஓட்டினான். அடுப்படியில் அவன் ஆத்தா மூக்கம்மாள் உட்கார்ந்து விறகு தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏலே, வீடு போச்சுடா," என்றாள்.

"போகட்டும் ஆத்தா," என்று அவள் காலடியில் சேறோடு உட்கார்ந்தான் அவன்.

ஜெபராணி ஏற்கெனவே தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் வந்து நின்றபோது சுகிர்தம் மகளின் முகத்தை இரண்டு கையாலும் வழித்துப் பார்த்துவிட்டு, கையில் தம்ளர் அடுக்கைக் கொடுத்திருந்தாள்.

பொன்னுராஜ் தயங்கித் தயங்கி அண்டாவின் எதிரில் வந்து நின்றார். இஸ்திரிச் சட்டை சாக்கு மாதிரி ஆகியிருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. குரல் முழுக்கப் போய்விட்டிருந்தது.

சுகிர்தம் ஒரு தம்ளர் காப்பியை அவர் கையில் வைத்தாள். தம்ளரை விடாமல் தானும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒரு வாய் குடிக்கும் வரை பொறுத்தாள்.

"காப்பின்னு சொன்னீக, சரி. சுக்கு இருக்கு, கருப்பட்டி இருக்குன்னு தெரிஞ்சு சொன்னீக," என்றாள். "சுண்டலுன்னு எந்த நெனப்புல சொன்னீக? கொண்டக்கடலை ஊற ஒரு ராத்திரி வேணும்னு தெரியாது? பாசிப்பயற வேகவச்சு இந்தச் சனத்துக்குக் குடுத்து மானத்தக் காப்பாத்திருக்கேன்."

பொன்னுராஜ் தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து வழிந்தது மழைத்தண்ணீர் இல்லை.

வாசலில் இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். குழந்தையைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்த ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்து, "மைக்குல சொன்னாகளே, இங்கனதானா?" என்று கேட்டான்.

பொன்னுராஜால் பதில் சொல்ல முடியவில்லை. சுகிர்தம் நிமிர்ந்து, கிட்டங்கி முழுக்கக் கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தாள்.

"இங்கனதான்! உள்ள வாங்க. எல்லாருக்கும் இருக்கு."